பதினைந்தாவது ஓட்டு

டிவி நிருபர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோதே, நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். வந்து உட்கார்ந்ததும் அதையே கேட்டீர்கள்: "மேடம், நீங்க குடுத்ததுலயே பெரிய செய்தி எது?"

உண்மையைச் சொன்னால், பெரிய செய்திகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. தேர்தல் முடிவுகள், கட்சித் தாவல்கள், ஆற்றில் வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீரில் நின்று பேசியது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவற்றோடு கலக்காமல் நிற்பது ஒரு பேரூராட்சித் தலைவர் தேர்தல். மாநிலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத தேர்தல் அது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் நடந்தது. கேமராவை எங்கே வைப்பது, எப்படி எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பெயர் வேண்டாம். பதினைந்து வார்டு. ஒரு கட்சிக்கு ஏழு கவுன்சிலர்கள், எதிர்க்கட்சிக்கு ஏழு பேர், மிச்சம் ஒரு சுயேச்சை. பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, அந்த ஒரு சுயேச்சை எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் தலைவர்.

அந்தச் சுயேச்சையை முத்துலெட்சுமி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அது இல்லை. நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண். கணவர் சவுதியில் ஓட்டுநர். இவர் ஊரில் மாவு மில் நடத்தினார். மில்லுக்கு வருகிற பெண்கள் தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றித்தான் எப்போதும் பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தேர்தலில் நின்றவர். பெரிய பிரச்சாரம் எதுவும் இல்லை. மில் வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள் காலையில் முத்துலெட்சுமியைக் காணவில்லை.

நாங்கள் போனபோது காவல் நிலைய வாசலில் அவருடைய கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, நின்று அழுதுகொண்டிருந்தார். எல்லா சேனல் மைக்குகளும் அவர் முகத்துக்கு முன்னால்.

"எங்க மதினியக் கடத்திட்டுப் போயிட்டானுவ சார். எங்க அண்ணன் வெளிநாட்டுல கெடக்கான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

அந்த அழுகை நடிப்பு இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ அழுகை பார்த்திருக்கிறேன், அது உள்ளேயிருந்து வந்த அழுகைதான். ஆனால் ஒரு மனிதன் எதற்காக அழுகிறான் என்பதைக் கேமரா காட்டாது.

அரை மணி நேரத்தில் எல்லாத் திரையிலும் 'கவுன்சிலர் கடத்தல்' என்று ஓட ஆரம்பித்துவிட்டது. நான் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, 'கடத்தப்பட்டதாகப் புகார்' என்று போடச் சொன்னேன். எங்கள் செய்தி ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சென்னையில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். "அக்கா, ஒரு வார்த்தைதானே கூட" என்றார். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சம்பளம் வாங்குதோம்" என்றேன். சிரித்துவிட்டுப் போட்டார்.

மத்தியானம் எனக்கு ஒரு போன். கடத்தியதாகச் சொல்லப்பட்ட கட்சியின் ஒன்றியச் செயலாளர். வட்டாரத்தில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எம்மா, நாங்க யாரையும் கடத்தல. அவங்களா வந்தாங்க. நீங்க மட்டும் வாங்க. அவங்க வாயாலயே கேட்டுக்கிடுங்க. வேற எந்த சேனலுக்கும் சொல்லல."

கேமராமேன் சுடலைமணியும் நானும் கிளம்பினோம். பிசான நெல் அறுவடை நேரம். கல்லிடைக்குறிச்சி தாண்டி வழியெல்லாம் ரோட்டில் வைக்கோல் காய்ந்தது. பாபநாசத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாழைத் தோப்புக்குள் ஒரு பண்ணை வீடு. வாசலில் நாலைந்து வெள்ளை வேட்டிகள். உள்ளே பெரிய கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துலெட்சுமி உட்கார்ந்திருந்தார். புதுச் சேலை. மடிப்புக் கலையாமல் இருந்தது. அவரைச் சுற்றி நின்ற ஆட்கள் யாரும் உட்காரவில்லை.

நான் வணக்கம் சொன்னதும், கேள்வி கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "நான் முழு சம்மதத்தோடதான் இங்க வந்திருக்கேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தல."

எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த வாக்கியம். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன். இந்தப் பெண்ணை மிரட்டி வைத்திருக்கிறார்கள். இதை இப்படியே படம் பிடித்துப் போட்டால், மிரட்டியவர்களுக்கு நான் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பெண் நிருபராக இருப்பதில் எனக்கு எத்தனையோ இடைஞ்சல்கள் இருந்திருக்கின்றன. ஒரே ஒரு வசதியும் உண்டு. சேலை கட்டிய பெண்ணுக்குக் காலர் மைக் மாட்ட வேண்டும் என்றால், வயர் முந்தானைக்கு உள்ளே போக வேண்டும், பெட்டியைப் பின்னால் இடுப்பில் செருக வேண்டும். ஆண்கள் நிற்கிற கூடத்தில் அதைச் செய்ய முடியாது.

"அண்ணாச்சி, மைக் மாட்டணும். உள்ள ரூம் இருக்கா?" என்றேன்.

அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அறையைக் காட்டினார். நான் முத்துலெட்சுமியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

மைக்கை மாட்டிக்கொண்டே காதருகில் கேட்டேன். "இங்க இருக்க உங்களுக்கு இஷ்டமா? இல்லன்னா வாயத் திறக்க வேண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"எனக்கு இங்கன என்ன பயம் மேடம்? பயமெல்லாம் வீட்டுலதான்."

பிறகு மெல்லச் சொன்னார். அண்ணாச்சிக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் கொழுந்தனுக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு கடை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மதினி ஓட்டு உங்களுக்குத்தான் என்று அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். முத்துலெட்சுமி முடியாது என்றதும் மில்லைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். போனைப் பிடுங்கிக்கொண்டார். மகளை, 'பரீட்சைக்குத் தொந்தரவில்லாமல் படிக்கட்டும்' என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். விடியும்போது முத்துலெட்சுமி பக்கத்து வீட்டுப் போனில் இந்த அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தானே கார் ஏறி வந்திருக்கிறார்.

"அப்போ நாளைக்கு இவங்களுக்குத்தான் உங்க ஓட்டா?"

"அப்படி நான் சொல்லலியே. இவங்களா நெனச்சிக்கிட்டாங்க. தெரிஞ்சா இப்பமே ரோட்டுல எறக்கி விட்டுருவாங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் எங்கிட்ட எவ்வளவோ பேசிட்டாங்க மேடம். எங்க தெருக் கொழாயப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல."

கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத வெளிய சொல்லிராதீங்க. எம் பிள்ள அவரு வீட்டுல இருக்கா."

நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அது சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்று எனக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். சுடலைமணி கேமராவுக்குப் பின்னால் காதில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்தினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டும்போதே மைக்கை நான் ஆன் செய்திருந்தேன். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அவன் ரெக்கார்டிங்கைத் தட்டியிருந்தான். உள்ளே பேசியது முழுக்க அவன் காதில் விழுந்திருக்கிறது, பதிவாகியும் இருக்கிறது.

அண்ணாச்சி எழுந்து வந்தார். "ஒரு மைக்க மாட்ட இவ்வளவு நேரமா? உள்ள என்ன பேச்சு?" என்றவர் சுடலைமணி பக்கம் திரும்பினார். "உனக்கு அதுல கேட்டிருக்குமேவே. எங்க, குடு பாப்போம்." ஹெட்போனுக்குக் கையை நீட்டினார்.

சுடலைமணி நிதானமாக ஹெட்போனைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தான். இன்னொரு கையால் மைக் சத்தத்தை வாங்குவதற்காகக் கேமராவில் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தான். "ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. பேட்டரி தீர்ந்துட்டு. மாத்தணும்" என்றான்.

அவர் காதில் வைத்துப் பார்த்தார். நிசப்தம். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேட்டி தொடங்கியது. என் கையில் நான்கு கேள்விகள் இருந்தன. அதில் மூன்றைக் கேட்க முடியாது என்று அப்போது புரிந்தது. 'வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தீர்களா' என்று கேட்டால் கொழுந்தன் கதை வந்துவிடும். 'யாருக்கு ஓட்டு' என்று கேட்டால் அவர் அங்கே இருக்க முடியாது. 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் அந்தத் தோப்பில் கலவரம். எதைக் கேட்க வேண்டும் என்று யோசித்துத்தான் இருபது வருஷத்துக்கு மேல் பிழைத்திருக்கிறேன். எதைக் கேட்காமல் விட வேண்டும் என்று அவ்வளவு வேகமாக யோசித்தது அன்றுதான்.

"உங்களை யாராவது கடத்தினாங்களா?"

"இல்ல."

பிறகு கேட்டேன். "மகளுக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவர் முகம் மாறியது. என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்தார். மனப்பாடம் எல்லாம் போய்விட்டது.

"ஏட்டி, அம்மா நல்லா இருக்கேன். பரீட்ச வருதுல்லா. நீ சேரன்மாதேவிக்கு மாமா வீட்டுக்குப் போயிரு, அங்கன இருந்து படி. மாமா வந்து கூட்டிட்டுப் போவாரு. ஒங்க சித்தப்பாவுக்கும் சொல்லுதேன். தம்பி, அவள மாமா கூட அனுப்பி வச்சிருங்க."

அண்ணாச்சிக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. மகளைப் பற்றித் தாய் பேசுகிறாள், அவ்வளவுதான். எனக்கும் சுடலைமணிக்கும் மட்டும் அது என்ன என்று தெரிந்தது.

திரும்பி வரும்போது வீரவநல்லூர் தாண்டிய பிறகுதான் அவன், "யக்கா, கார்டுல எல்லாம் இருக்கு" என்றான்.

வண்ணார்பேட்டையில் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பஸ்காரர்கள் அடிக்கிற ஹாரனில் குரல் பதிவு செய்யவே சிரமமாக இருக்கும். ஆசிரியரிடம் 'கடத்தல் இல்லை' என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பதிவைத் தானும் கேட்க வேண்டும் என்றார். கேட்டார். முடிந்ததும் ஹெட்போனை மேஜையில் வைத்தார்.

"அக்கா, ஒருத்தன் அடுத்தவ ஓட்ட வித்திருக்கான். ஒரு கட்சி அத வாங்கியிருக்கு. ரெண்டுக்கும் ஆதாரம் நம்ம கையில. இதப் போடலன்னா நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

"அவ கேமராவுக்குச் சொல்லல. கதவச் சாத்திட்டு எங்கிட்ட சொன்னா."

"நீங்க யாரு? அவ சொந்தக்காரியா? நீங்க நிருபர்னு தெரிஞ்சுதானே பேசினா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீங்களும் கேட்பீர்கள், கேட்க வேண்டும்.

"குரல மாத்திப் போடுவோம். முகமும் இல்ல" என்றார்.

"பதினஞ்சு கவுன்சிலர்ல காணாமப் போனது ஒரே ஒரு பொம்பள. குரல மாத்தி யார ஏமாத்தப் போறோம்?"

அவர் சன்னல் பக்கம் போய் நின்றார். அங்கே நின்றபடியே, "அந்தப் பிள்ள எந்த வீட்டுல இருக்கு?" என்றார்.

"கொழுந்தன் வீட்டுலதான்."

அவர் சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். போடுங்கன்னும் சொல்லல, போடாதீங்கன்னும் சொல்லல. நான் வாரப்ப நீங்க எத ஏத்தி வச்சிருக்கீங்களோ அது ஓடும். யார் கேட்டாலும் நான் போட்டதாத்தான் சொல்லுவேன்."

கதவு சாத்திக்கொண்டது. நானும் சுடலைமணியும் மட்டும்.

"நீ என்னப்பா சொல்லுத?" என்றேன்.

"நீங்க சொல்லுததச் செய்யுதேன் யக்கா. ஒண்ணு மட்டும். நாளைக்கு எவனாவது, ஏன் போடலன்னு கேட்டா, பேட்டரி தீர்ந்துட்டுன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஒரு தடவ சொன்னதே நெஞ்சுல நிக்கி. போட வேண்டாம்னு முடிவு பண்ணினோம்னுதான் சொல்லுவேன்."

நான் திரையில் அந்தப் பெண்ணின் முகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைப் போட்டால் என்ன ஆகும்? எனக்கு ஒன்றும் ஆகாது. பாராட்டுகூட வரும். அந்த மகளுக்கு அந்த வீட்டில் என்ன ஆகும் என்று தெரியாது. அடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. தெரியாது, அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது. செய்தி ஓடிய பத்தாவது நிமிஷம் அண்ணாச்சி அவரை ரோட்டில் இறக்கிவிடுவார். அங்கேயிருந்து அவர் எங்கே போவார்? கொழுந்தன் கைக்குத்தான். காலையில் அவர் போடப்போகிற ஓட்டு அவருடையதாக இருக்காது. பதினைந்தாவது ஓட்டை வண்ணார்பேட்டை மாடியில் உட்கார்ந்து நாங்கள் போட்டதாக ஆகியிருக்கும். நடக்கிறதைச் சொல்வதுதான் நம் வேலை. இது நடக்கப்போவதைத் தீர்மானிப்பது.

பேட்டியை மட்டும் ஏற்றினேன். இரண்டு கேள்வி, இரண்டு பதில். மகளிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூட வெட்டவில்லை.

ஆசிரியர் வந்து பார்த்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற சேனல்கள் சாயங்காலம் முழுக்கக் கடத்தல் என்றே ஓட்டின. முதலாளி போன் செய்து, "எல்லாரும் ஒண்ணு சொல்லும்போது நமக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டார். ஆசிரியர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டு முடித்தார். என் பெயரைச் சொல்லவே இல்லை.

செய்தி ஓடி முடிந்த சற்று நேரத்தில், சேரன்மகாதேவியிலிருந்து அந்த மாமா, முத்துலெட்சுமியின் கூடப்பிறந்த தம்பி, அக்கம்பக்கத்துக்காரர்களோடு போய்க் கொழுந்தன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். தெருவே டிவியில் பார்த்திருந்தது. தாய் கேட்டதை அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? கொழுந்தனே பிள்ளையின் புத்தகப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாராம்.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்தில் தேர்தல். போலீஸ் பாதுகாப்போடு எல்லோரும் உள்ளே போனார்கள். எண்ணி முடித்தபோது ஒரு பக்கம் ஏழு, இன்னொரு பக்கம் ஏழு, ஒன்று செல்லாத ஓட்டு. யார் போட்டது என்று சீட்டில் இருக்காது. ஆனால் எல்லாக் கண்களும் ஒரே ஆளைத்தான் பார்த்தன. குலுக்கல் நடந்தது. கொழுந்தனுக்குக் கடை தருவதாகச் சொன்ன கட்சிக்காரர் தலைவரானார்.

முத்துலெட்சுமி வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் வசவு. அண்ணாச்சி, "சோறு போட்டு வச்சிருந்தோமே, இப்படியா செய்வ?" என்று உரக்கக் கேட்டார். கொழுந்தன் மதில் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துலெட்சுமி ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். நான் பின்னால் போனேன். சுடலைமணியைக் கேமராவோடு தள்ளி நிற்கச் சொன்னேன்.

அறையில் பேசியது பதிவாகிவிட்டதைச் சொன்னேன். அவர் பஸ் வரும் திசையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"யாரெல்லாம் கேட்டீங்க?"

"நான், கேமராமேன், எங்க ஆசிரியர்."

"வேற யாரும் இல்லல்லா?"

"இல்ல. இப்போ பிள்ள பத்திரமா இருக்கா. ஓட்டும் முடிஞ்சிட்டு. நீங்க சரின்னா இன்னைக்குப் போடுதோம். நடந்தத ஊரு தெரிஞ்சுக்கிடும்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை.

"போட்டா அவருக்கு அந்தக் கடை கெடைக்காது. அது எனக்குச் சந்தோசந்தான்" என்றார். "ஆனா எங்க வீட்டுக்காரரு அங்க தனியா கெடக்காரு மேடம். தம்பி இப்படிப் பண்ணிட்டான்னு டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கிட வேண்டாம். நானே சொல்லிக்கிடுதேன். எனக்கு நடந்தது மூணு பேருக்குத் தெரியும்ல்லா? அது போதும். அழிச்சிருங்க."

சேரன்மகாதேவி பஸ் வந்தது. ஏறப்போனவர் படியில் நின்று திரும்பினார்.

"எங்கிட்ட வந்து நிக்கியளே, உள்ள புதுத் தலைவர் மாலையோட உக்காந்திருக்காரு. எங்க தெருவுல தண்ணி எப்பம் வரும்னு அவர்கிட்டல்லா கேக்கணும்."

பஸ் போய்விட்டது. ஆசிரியருக்குப் போன் செய்தேன். "அழிக்கச் சொல்லிட்டா" என்றேன். "அவ சொன்னா சரி" என்றார். அன்றைக்கே அழித்துவிட்டோம்.

கொழுந்தனுக்குக் கடை கிடைத்தது. இதையும் உங்களிடம் சொல்லாமல் விட்டால் பாதிக் கதை சொன்னதாக ஆகிவிடும். பேருந்து நிலையத்தில் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், ஆசிரியர் கேட்ட கேள்வி எனக்கு வரும். நாங்கள் போட்டிருந்தால் அந்த ஊர் கொஞ்சமாவது மாறியிருக்குமோ என்னவோ. நான் செய்தது சரி என்று நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால், செய்தி ஓடி முடிந்த பிறகு எந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று ஒரு முறை யோசித்துவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துங்கள். அழுத்த வேண்டிய நாளும் வரும். அன்றைக்குத் தயங்கக்கூடாது.

அன்று நானும் சுடலைமணியும் மறுபடி பேரூராட்சி அலுவலகத்துக்குள் போனோம். புதுத் தலைவர் கழுத்து நிறைய மாலை. எல்லோரும் வெற்றியைப் பற்றியும் மேலிடத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேரலையில் நான் மைக்கை நீட்டி, முத்துலெட்சுமி குடியிருந்த தெருவின் பெயரைச் சொல்லி, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன்.

அவருக்கு அந்தத் தெரு எந்த வார்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். தலைவர் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் மைக்கை எடுக்கவே இல்லை. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தது முழுவதும் அப்படியே ஓடியது. சாயங்காலச் செய்தியில் மறுபடி போட்டபோதும் வெட்டாமல் போட்டோம்.